பைத்தான் லேபுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள்



டைம்டேபிள் கைக்கு வந்திருக்கும். மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் பிளஸ் டூவிலேயே பழகின பேருங்க. நடுவுல ஒண்ணு மட்டும் நிறைய பேருக்குப் புதுசா இருக்கும்: புரோகிராமிங். சிஎஸ்இ, ஐடி மட்டும் இல்ல, மெக்கானிக்கல், சிவில், ஈஇஇ, ஈசிஇ எல்லாருக்கும் இது உண்டு. எங்க பேட்ச்சுக்கு அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல இதுக்குப் பேரு 'ப்ராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்'. தியரி ஒண்ணு, கூடவே லேப் ஒண்ணு.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவங்க 'இதெல்லாம் தெரிஞ்சதுதான்'னு சாய்ஞ்சு உட்காருவாங்க. பயோ-மேத்ஸ் குரூப்ல இருந்தும் தமிழ் மீடியத்துல இருந்தும் வந்த பல பேர், மூணாவது வாரமே 'இது நமக்கு வராது'ன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிடுவாங்க. செமஸ்டர் ரிசல்ட் வரும்போது ரெண்டு பக்கத்துலயும் அரியர் இருக்கும். ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?

இந்தப் பேப்பரோட பேரை இன்னொரு தடவை பாருங்க. 'ப்ராப்ளம் சால்விங்' முதல்ல வருது, 'பைத்தான்' அதுக்கப்புறம்தான். நாம பெரும்பாலும் முதல் பாதியை விட்டுட்டு நேரா ரெண்டாவது பாதிக்குப் போறோம். அங்கதான் மாட்டிக்கிறோம்.

மொழி மாறும், முதல் யூனிட் மாறாது

2013 ரெகுலேஷன்ல படிச்ச சீனியர்ஸுக்கு ஃபர்ஸ்ட் இயர்ல சி மொழி. 2017 ரெகுலேஷன்ல அந்த இடத்துக்கு பைத்தான் வந்தது. 2021லயும் பைத்தானே இருந்தது. உங்களுக்கு பாடத்தோட பேரோ கோடோ மாறியிருக்கலாம். நாளைக்கு வேற மொழியே கூட வரலாம். ஆனா ஒரு கணக்கைப் படிகளா உடைச்சு, 'முதல்ல இது, அப்புறம் இது, இப்படி இருந்தா இது'ன்னு எழுதுற வேலை எந்த மொழியிலயும் மாறாது. அதைத்தான் அல்காரிதம்னு சொல்றாங்க. நம்ம பள்ளிப் புத்தகத்துல நெறிமுறை.

எங்க சிலபஸ்ல முதல் யூனிட் முழுக்க இதுதான். அல்காரிதம், ஃப்ளோசார்ட், சூடோகோடு. அதுல கொடுத்திருந்த உதாரணக் கணக்குகள் நாலு: ஒரு பட்டியல்ல ரொம்பச் சின்ன எண்ணைக் கண்டுபிடிக்கிறது, வரிசையா அடுக்கின சீட்டுகளுக்கு நடுவுல ஒரு சீட்டைச் சொருகுறது, மனசுல நினைச்ச எண்ணை ஊகிக்கிறது, ஹனாய் கோபுரம். நாலுக்குமே கம்ப்யூட்டர் தேவையில்ல. தாளும் பேனாவும் போதும். அதனாலேயே 'இது ஈஸி, பார்ட் ஏ-க்கு மட்டும் பார்த்துக்கலாம்'னு தாண்டிப் போயிடுறாங்க.

இங்கிலீஷ் எவ்வளவு வேணும்?

நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். இதைச் சொல்லிட்டே ஒரு விஷயம் சொல்றேன். பைத்தான் மொழிக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கிற வார்த்தைகள், அதாவது கீவேர்டு, மொத்தமே 35. இஃப், எல்ஸ், ஃபார், வொயில், டெஃப், ரிட்டர்ன் மாதிரி. முதல் செமஸ்டர்ல அதுல பாதி கூட உங்களுக்கு வேலை வைக்காது. 35 வார்த்தைக்காக யாரும் ஒரு டிகிரியைப் பயந்து பார்க்க வேண்டியதில்ல.

போன வருஷம் ஜூனியர்ஸ் லேப்ல உதவிக்கு நின்னப்போ பார்த்தது இது. அரசுப் பள்ளியில படிச்சு வந்த ஒரு பொண்ணு காலி ஸ்கிரீனைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தா. 'என்ன பண்ணணும்னு தமிழ்ல சொல்லும்மா'ன்னு கேட்டேன். ஒரு படி கூட விடாம சொன்னா. பக்கத்து சிஸ்டத்துல இங்கிலீஷ் மீடியம் பையன் முழு புரோகிராமையும் அடிச்சு ரன் பண்ணியிருந்தான். மூணாவது வரி எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. இந்த ரெண்டு பேர்ல யாருக்கு புரோகிராமிங் தெரியும்? வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கப்போறது மூணாவது வரியைத்தான்.

2021ல தமிழ்நாட்டுல ஒரு சட்டம் வந்தது. இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் இடம். ஃபீஸையும் அரசே கட்டுது. அப்படி வந்து உட்கார்ந்தவங்க, படிகள் மனசுல தெளிவா இருந்தும் மூணாவது வாரத்துல கை விட்டா, இழப்பு ஒரு பேப்பரோட நிக்காது.

அதனால படிகளைத் தமிழ்லயே எழுதுங்க. உதவிக்கு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, தமிழ்நாடு அரசோட பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம். தமிழ் மீடியப் பதிப்பு பைத்தானைத் தமிழ்லயே விளக்குது. மாறி, செயற்கூறு, மடக்குன்னு எல்லாத்துக்கும் சொல் இருக்கு. நெட்ல இலவசமா கிடைக்கும். பயோ-மேத்ஸ்காரங்க முதல்ல இதைத் திறங்க. ரெண்டாவது, பைத்தான் 3ல மாறிக்குத் தமிழ்லயே பேர் வைக்கலாம். 'மொத்தம் = 0'ன்னு எழுதினா அது ஓடும். பரீட்சைக்கு இங்கிலீஷ் பேர்தான் வசதி, ஆனா புரிஞ்சுக்கப் பழகுறதுக்கு இது நல்ல வழி.

இங்கிலீஷ் உண்மையிலேயே தேவைப்படுற இடம் ரெண்டு: கேள்வித்தாள், எரர் மெசேஜ். எரர் பத்தி பின்னாடி வர்றேன்.

கம்பிக் கடைக் கணக்கு

எங்க லேப் சிலபஸ்ல முதல் எக்ஸ்பெரிமென்ட்டே ஃப்ளோசார்ட் போடுறதுதான். கணக்குகள்: கரன்ட் பில், கடை பில், இரும்புக் கம்பியோட எடை, மோட்டார் பைக்கோட எடை. நம்ம படப்பை பக்கம் படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஜன்னல் வழியா தெரியுற விஷயம். கட்டடம் எழும்புற எந்த ரோட்டிலயும் கம்பிக் கடை உண்டு. ஒரகடம் போனா பைக் செய்யுற ராயல் என்ஃபீல்டே இருக்கு.

கம்பியை எடுத்துக்கலாம். கட்டட வேலையில ஒரு சூத்திரம் புழங்குது: விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து வர்க்கம் பண்ணி 162ஆல வகுத்தா, ஒரு மீட்டர் கம்பியோட எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பின்னா 144ஐ 162ஆல வகுக்கணும், சுமார் 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒண்ணு சுமார் 10.67 கிலோ.

கோடு அடிக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எது உள்ளே போகுது? விட்டமும் நீளமும். எது வெளியே வரணும்? எடை. நடுவுல என்ன நடக்குது? சூத்திரம். இந்த மூணையும் தாள்ல எழுதினாலே ஃப்ளோசார்ட்டோட பாதி முடிஞ்சது.

நாலாவதா ஒண்ணு கேட்டா இன்னும் நல்லது: 162 எங்கிருந்து வந்தது? இரும்போட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோ. கம்பியோட குறுக்குவெட்டு ஒரு வட்டம். விட்டத்தை மில்லிமீட்டர்ல இருந்து மீட்டருக்கு மாத்தி, வட்டத்தோட பரப்பை அடர்த்தியால பெருக்கிப் பாருங்க, சுத்தி வந்து 162ல நிக்கும். இதனால தெரியுறது என்ன? விட்டம் மில்லிமீட்டர்ல, நீளம் மீட்டர்ல இருந்தாத்தான் இந்தச் சூத்திரம் சரி. யாராவது நீளத்தை அடியில் கொடுத்தா புரோகிராம் எரர் காட்டாது. தப்பான எடையைத் தைரியமா காட்டும். கம்ப்யூட்டருக்கு அடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது. நாமதான் சொல்லணும்.

கரன்ட் பில்: வரிசை மாறினா என்ன ஆகும்

நம்ம வீட்டு இ.பி. பில்லில் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு வச்சுக்கலாம். அதுக்கு மேல உள்ள ரேட் அடிக்கடி மாறுறதால, கணக்குக்காக நானே ஒரு ரேட் வைக்கிறேன்: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய், 200க்கு மேல 5 ரூபாய்.

தமிழ்ல படிகள்:

1. யூனிட்டை வாங்கு.
2. யூனிட் 100 அல்லது அதுக்குக் கீழே இருந்தால், பில் 0.
3. இல்லாட்டி, யூனிட் 200 அல்லது அதுக்குக் கீழே இருந்தால், பில் = (யூனிட் − 100) × 2.
4. இல்லாட்டி, பில் = 200 + (யூனிட் − 200) × 5.
5. பில்லைக் காட்டு.

250 யூனிட்டுக்கு 200 + 250, மொத்தம் 450 ரூபாய். பல பேர் எழுதுறது 250 × 5 = 1250. எல்லா யூனிட்டுக்கும் கடைசி ரேட்டைப் போட்டுடுறாங்க. இது பைத்தான் தெரியாத தப்பு இல்ல, பில்லைப் புரிஞ்சுக்காத தப்பு. நாலாவது படியில இருக்கிற 200, நடு 100 யூனிட்டுக்கான காசு.

இப்போ ரெண்டாவது படியையும் மூணாவது படியையும் இடம் மாத்திப் பாருங்க. 50 யூனிட் எரிச்ச வீடு '200க்குக் கீழே'ங்கற கேள்வியில முதல்ல மாட்டும். (50 − 100) × 2, அதாவது மைனஸ் 100. இ.பி. ஆபீஸ் உங்களுக்கு 100 ரூபாய் தரணும்! இஃப், எலிஃப், எல்ஸ் எழுதும்போது வரிசை ஏன் முக்கியம்னு இதை ஒரு தடவை கையால போட்டுப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

எழுதி முடிச்சதும் 100, 101, 200, 201 கொடுத்து டெஸ்ட் பண்ணுங்க. 0, 2, 200, 205 வரணும். தப்பு பெரும்பாலும் எல்லைக்கோட்டுலதான் ஒளிஞ்சிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். தமிழ்ல 'இருந்தால்' கடைசியில வருது, பைத்தான்ல 'இஃப்' முதல்ல வருது. தமிழ்ல யோசிக்கிறவங்களுக்கு இது முதல்ல இடிக்கும், அது இயல்பு. முத்தையா அண்ணாமலை உருவாக்கின 'எழில்'ங்கற தமிழ் நிரல்மொழியில நிபந்தனை முதல்ல, 'ஆனால்'ங்கற சொல் அதுக்குப் பின்னாடி. நம்ம வாக்கிய வரிசை அதுல அப்படியே இருக்கு. தேடி ஒரு தடவை பாருங்க, சந்தோஷமா இருக்கும்.

சமக்குறி சமக்குறி இல்ல

மேத்ஸ்ல 'எக்ஸ் = எக்ஸ் + 1'ன்னு எழுதினா வாத்தியார் அடிச்சுடுவார். புரோகிராமிங்ல அது தினசரி வரி. ஏன்னா இங்க '=' என்பதுக்கு 'வலது பக்கம் உள்ளதைக் கணக்குப் போட்டு, இடது பக்கம் உள்ள பெட்டியில வை'ன்னு அர்த்தம். ரெண்டும் சமமான்னு கேட்க ரெண்டு சமக்குறி போடணும்.

இதைப் பழக ட்ரேஸ் டேபிள் போடுங்க. சின்ன எண்ணைக் கண்டுபிடிக்கிற கணக்கு, எண்கள் 42, 17, 35, 9:

தொடக்கத்துல சின்னது = 42.
17 வருது. 42ஐ விடச் சின்னதா? ஆமா. சின்னது = 17.
35 வருது. 17ஐ விடச் சின்னதா? இல்ல. அப்படியே.
9 வருது. 17ஐ விடச் சின்னதா? ஆமா. சின்னது = 9.
முடிஞ்சது. விடை 9.

இப்போ தொடக்கத்துல 42க்குப் பதிலா 0 வச்சுப் போடுங்க. கடைசி வரைக்கும் 0தான் நிக்கும், பட்டியல்ல இல்லாத ஒரு விடை. எங்க ஆரம்பிக்கிறோம்ங்கறது எவ்வளவு முக்கியம்னு நாலு வரியில தெரிஞ்சுடுது. மடக்கு எதுவா இருந்தாலும் முதல் மூணு சுத்தைத் தாள்ல போட்டுட்டு சிஸ்டத்துக்குப் போங்க.

கார் பாகமும் நாலு டப்பாவும்

லிஸ்ட், டூப்பிள், செட், டிக்ஷனரி. நாலையும் 'டிஃபரன்ஸ் பிட்வீன்'னு மனப்பாடம் பண்றவங்கதான் அதிகம். எங்க லேப் சிலபஸ்லயே 'கார் பாகங்கள்'தான் உதாரணம். அண்ணனோ மாமாவோ ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில வேலை பார்த்தா அவங்க ஸ்டோர்ஸ் பத்தி கேட்டுப் பாருங்க, நாலும் அங்க இருக்கும்.

இன்னைக்கு லைனுக்கு அனுப்ப வேண்டிய பொருட்கள் வரிசை: சேரும், குறையும், மாறும். அது லிஸ்ட். வண்டி எந்த ஸ்டேஷனுக்கு அப்புறம் எந்த ஸ்டேஷனுக்குப் போகணும்ங்கற வரிசை: நடுவுல யாரும் கை வைக்கக் கூடாது. அது டூப்பிள். பார்ட் நம்பரைச் சொன்னா பாகத்தோட பேர் வரணும்: அது டிக்ஷனரி. காலை ஷிஃப்ட் வந்தவங்க ஒரு கூட்டம், ஓவர்டைம் பார்த்தவங்க ஒரு கூட்டம், ரெண்டுலயும் இருக்கிறது யாரு? அது செட். ஒன்பதாவதுல போட்ட கணங்களோட வெட்டுதான்.

'எது மாறும், எது மாறக் கூடாது, எதை வச்சு எதைத் தேடணும்?' இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா எந்த டப்பான்னு தானா தெரியும்.

ஹனாய் கோபுரம்: பெரிய தட்டை மட்டும் பாருங்க

1883ல எத்வார் லூக்காங்கற பிரெஞ்சுக் கணித அறிஞர் வெளியிட்ட புதிர் இது. மூணு கம்பம். முதல் கம்பத்துல பெரிய தட்டு அடியில, அதுக்கு மேல சின்னது, அதுக்கும் மேல இன்னும் சின்னது. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் நகர்த்தலாம், சின்னதுக்கு மேல பெருசு வரக் கூடாது. எல்லாத்தையும் மூணாவது கம்பத்துக்குக் கொண்டு போகணும்.

மூணு தட்டுக்கு 7 நகர்வு, நாலுக்கு 15, பத்துக்கு 1023. எல்லா நகர்வையும் மனசுல வைக்கப் பார்த்தா தலை சுத்தும். அடித் தட்டை மட்டும் பாருங்க. அது நகரணும்னா மேல உள்ளதெல்லாம் நடுக் கம்பத்துக்குப் போயிருக்கணும். பெருசை நகர்த்து. அப்புறம் நடுவுல இருக்கிறதையெல்லாம் அதுமேல கொண்டு வா. அவ்வளவுதான். 'மேல உள்ளதெல்லாம்' எப்படிப் போகும்? அதே முறையில, ஒரு தட்டு குறைவா. பெரிய கணக்கை அதே மாதிரி சின்னக் கணக்கா மாத்துறதுதான் ரிக்கர்ஷன். ஹாஸ்டல் மெஸ்ல மூணு சைஸ் தட்டு எடுத்து ஒரு தடவை செஞ்சு பாருங்க.

எரர் வந்தா

சிவப்பா பத்து வரி வந்ததும் ஸ்டாஃபைக் கூப்பிடாதீங்க. கடைசி வரியை முதல்ல படிங்க, அப்புறம் அது சொல்ற லைன் நம்பருக்குப் போங்க. ஃபர்ஸ்ட் இயர்ல அடிக்கடி வர்றது கொஞ்சம்தான்.

'நேம் எரர்': அந்தப் பேர்ல எதுவும் தெரியாதுன்னு சொல்லுது. ஸ்பெல்லிங் தப்பு, இல்லாட்டி 'பிரின்ட்'டுக்குப் பெரிய எழுத்து போட்டிருப்பீங்க.
'இன்டென்டேஷன் எரர்': வரியோட உள்தள்ளல் ஒழுங்கா இல்ல.
'டைப் எரர்': எழுத்தையும் எண்ணையும் கூட்டப் பார்த்திருக்கீங்க. 'இன்புட்' கொண்டு வர்றது எப்பவும் எழுத்துச் சரம்தான். அதனாலதான் 10ம் 20ம் கொடுத்தா 30க்குப் பதிலா 1020 வருது. இது எரர் கூட காட்டாது, அதனால இன்னும் ஆபத்து.

ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும்னு நினைச்சு 'ரேஞ்ச்'ல 1, 10ன்னு கொடுத்தா 9லயே நின்னுடும். இதுவும் எரர் காட்டாது. வைவா ஃபேவரைட்.

சாட்ஜிபிடி, ரெக்கார்டு, லேப்டாப்

ரெக்கார்டு எழுத சாட்ஜிபிடிகிட்ட கேட்டா பத்து செகண்ட்ல கோடு வரும். மாடல் லேப்லயும் எக்ஸ்டர்னல் முன்னாடியும் அது வராது. கேளுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா தாள்ல உங்க படிகளை எழுதின பிறகு கேளுங்க. 'என்னோட மூணாவது படி ஏன் தப்பு?'ங்கற கேள்வி உங்களுக்குக் கத்துக்கொடுக்கும். 'புரோகிராம் கொடு'ங்கறது ரெக்கார்டை மட்டும்தான் நிரப்பும்.

லேப்டாப் இல்லைன்னு தள்ளிப் போடாதீங்க. ஆண்ட்ராய்டு போன்ல பைட்ராய்டு இருக்கு, பிரவுசர்ல கூகுள் கோலாப் இருக்கு. முதல் மாசத்துக்கு அது தாராளம்.

முதல் நாலு வாரம்

முதல் வாரம்: கோடு வேண்டாம். கம்பி, கரன்ட் பில், டீக்கடை பாக்கி, எதுவா இருந்தாலும் தினம் ஒரு கணக்கைத் தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ படிகளா எழுதுங்க. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கொடுத்து, உங்க விளக்கம் இல்லாம அதை அப்படியே செய்யச் சொல்லுங்க. அவங்க எங்க நிக்கிறாங்களோ அங்கதான் ஒரு படி விட்டுப்போயிருக்கு.
ரெண்டாவது வாரம்: அதே கணக்குகளை பைத்தான்ல மாத்துங்க. புதுக் கணக்கு வேண்டாம்.
மூணாவது வாரம்: ஃபார், வொயில். ட்ரேஸ் டேபிள் இல்லாம ஒண்ணும் ரன் பண்ணாதீங்க.
நாலாவது வாரம்: ஓடுற புரோகிராமை எடுத்து ஒரு வரியை அழிங்க. என்ன ஆகும்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் ரன் பண்ணுங்க.

மெக்கானிக்கல், சிவில்காரங்களுக்கு ஒரு வார்த்தை. 'எனக்கு இது எதுக்கு'ன்னு தோணும். கேம்பஸ்க்கு வர்ற பல கம்பெனிகள் முதல் ரவுண்டுலயே அரியர் இருக்கான்னு பார்க்குது. அந்த அரியர் ஃபர்ஸ்ட் இயர் பேப்பர்ல விழுந்ததாவும் இருக்கலாம். அதை விடுங்க. நம்ம பக்கத்துல இருக்கிற பிளான்ட்கள்ல ரோபோவும் பிஎல்சியும் ஓடுறதும் இதே 'இப்படி இருந்தா இது, இல்லாட்டி அது'லதான். அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறவங்க மிஷின் நின்னா ஏன் நின்னுச்சுன்னு கேட்பாங்க. மத்தவங்க ஆள் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க.

மூணாவது வாரத்துல 'வராது'ன்னு தோணுச்சுன்னா, சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு ஒரு தாளை எடுங்க. படிகளை எழுத முடிஞ்சா உங்களுக்கு வருது, பாக்கி இருக்கிறது அந்த 35 வார்த்தைதான். எழுத முடியலைன்னா எந்தப் படியில நிக்குதுன்னாவது தெரியும். அந்தத் தாளோட ஸ்டாஃப்கிட்டயோ எங்ககிட்டயோ வாங்க. ஃபைனல் இயர்ல நாங்க கொஞ்ச பேர் லஞ்ச் பிரேக்ல லேப் பக்கம்தான் இருப்போம்.